நாங்க என்று எழுதிய சுபேதார்

அவரை நான் முதன்முதலில் சரியாகப் பார்த்தது, அவர் ஒரு நாயை அடித்துக் கொன்ற அன்று.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழ் டைப்பிங்கும் உண்டு. அன்றைக்குக் காலையில் வெறி பிடித்த நாய் ஒன்று, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண்குழந்தையின் கெண்டைக்காலைக் கவ்விக்கொண்டு உதறியது. நாலைந்து ஆண்கள் கல்லெடுத்து வீசினார்கள். பாதிக் கற்கள் குழந்தைமேல் விழுந்தன. அப்போது செருப்புக்கடை வாசலில் கிடந்த இரும்புக் குழாயைக் கையிலெடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். நாயின் பின்கழுத்தில் ஓர் அடி. அது கத்தக்கூட இல்லை. செத்த வாயைக் கையாலேயே பிளந்து, குழந்தையின் காலைப் பல்லிலிருந்து விடுவித்து, ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். பிறகு என் கடைக்கு வந்து, கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

“யாரு நாயிம்மா இது?” என்றார் கழுவிக்கொண்டே.

பஸ் ஸ்டாண்டு மூலையில் கத்தரிக்காய் விற்கிற அம்மாளுடையது என்றேன். அந்தம்மாவுக்கு ஆள் துணை யாரும் கிடையாது. அது குட்டியாக இருந்தபோதிலிருந்து சோறு போட்டு வளர்த்தவள். அப்போதுதான் சேதி கேட்டு, செத்ததைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். யார் அடித்தது என்று அவள் ஒவ்வொருவராகக் கேட்க, தெரியாது என்றே எல்லோரும் நகர்ந்தார்கள்.

இவர் கையைத் துடைத்துக்கொண்டு நேரே அவளிடம் போனார். “நான்தாம்மா அட்ச்சேன்.”

தராசுத் தட்டை எடுத்து அவர் முகத்திலேயே அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது. அவள் கை ஓயும்வரைக்கும் இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது நான் பஞ்சு கொடுத்தேன்.

“யாருமே சொல்லியிருக்க மாட்டாங்களே சார். நீங்களா எதுக்குப் போய் அடி வாங்கினீங்க?”

“யாருன்னு தெரியலன்னா அந்தம்மா ஊர்ல கீற அத்தினி பேரையும் மொறச்சிக்கினு கெடக்கும். இப்ப என்னிய ஒருத்தன மட்டும் மொறச்சா போதும்.” பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். “நீ நம்மூர்ப் பொண்ணுதான? பெரிய வூட்டுக்காரர் பொண்ணு?”

ஆமாம். ஒரே ஊர்தான். நான் ஊர்த் தெருவில் பிறந்தவள், அவர் ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியில் பிறந்தவர். எங்கள் நிலத்தில் அவருடைய அப்பா நாற்று நட்டிருக்கிறார். அவரோ பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு ஓடிப்போய், காலாட்படை ரெஜிமென்ட் ஒன்றில் சிப்பாயாகச் சேர்ந்து, சுபேதாராகி வந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘மிலிட்டரி’. சிறுவயதில் லீவில் வரும்போது தூரத்தில் பார்த்திருக்கிறேன். அவர் இறந்து மூன்று வருஷமாகிறது. எங்கள் ஊரில் இன்றும் அவர் பேச்சை எடுத்தால் ஒரு தெருவில் குரல் உயரும், இன்னொரு தெருவில் பேச்சு நிற்கும்.

அடுத்த வாரம் அவர் ஏழு நீள நோட்டுகளைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். அவருடைய ரெஜிமென்ட்டின் வரலாறு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்திலிருந்து. ஆங்கிலத்தில் பெரிய புத்தகம் இருக்கிறதாம், அதில் அதிகாரிகள் பெயர்தான் இருக்கிறதாம். “இது சிப்பாய்ங்க எய்தற மாரி. தமிழ்ல டைப் அட்ச்சி குடு.”

முதல் பக்கத்திலேயே எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. புள்ளலூர்ச் சண்டை. மைசூர்ப் படை கம்பெனிப் படையைச் சுற்றி வளைத்து அழித்தது. அதை அவர் இப்படி எழுதியிருந்தார்: ‘நாங்க வயல்ல நடந்து போய்க்கினு இருந்தோம். மூணு பக்கமும் வளைச்சிட்டாங்க. ராக்கெட்டு விழுந்து எங்க வெடிமருந்து வண்டி பத்திக்கிச்சு. பக்கத்துல இருந்தவன் தோலு உரிஞ்சி ஓடினான். அவன யாரும் புடிக்கல. நாங்க கைய தூக்கினப்புறமும் வெட்டினாங்க.’

“சார், இது உங்க தாத்தாவுக்கும் தாத்தா காலம். ‘அவங்க’ன்னுதானே வரணும்?”

“நாங்கன்னா ரெஜிமென்ட்டும்மா. மொத நாள் ஒர்த்தன் சேந்தான் பாரு, அவன்மேல வியுந்த அடிதான் எம்மேலயும் வியுந்தது. ‘நாங்க’ன்னே அடி.”

அடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரையும் என்னையும் புள்ளலூருக்கே கூட்டிப்போனார். அந்தப் பக்கத்துச் சண்டைகளில் செத்த வெள்ளைக்கார அதிகாரிகள் இரண்டு பேருக்கு அங்கே தூண் இருக்கிறது. அவர் தூணைத் திரும்பியும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, அறுத்து முடித்திருந்த வயலில் இறங்கினார். “இங்க எங்கியோதான் பூமில கீறோம். நெல்லு நல்லா வௌயிது இன்னா” என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவர், அதிகம் பேசாதவர். திரும்பும்போது பைக்கில் சொன்னார்: “இந்த ஆள்கிட்ட கொஞ்சம் பார்த்து இரு.”

வீட்டுக்காரர் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. ரத்தத்தை மிலிட்டரி மறைக்கமாட்டார். ‘வீர மரணம் எய்தினார்’ என்று நான் அழகாகத் திருத்திவைத்ததை விரலால் தட்டுவார். “செத்தான்னு போடு. கொடலு வெளிய தொங்கிக்கினு தண்ணி தண்ணின்னு கத்தினான். அதுல எய்தறதுக்கு இன்னா கீது?” பாலைவனத்தில் தண்ணீர்ப் பீப்பாய்க்காகத் தங்கள் ஆளையே துப்பாக்கிக் கட்டையால் அடித்ததை எழுதியிருந்தார். பர்மாக் காட்டில் நடக்கமுடியாதவர்களை விட்டுவிட்டு நடந்ததை எழுதியிருந்தார். வேலூர்க் கோட்டைக் கலகத்துக்கு ஒரு நோட்டில் பாதி. தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களைச் சுட்டதும் நாங்க, பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டதும் நாங்க, அதை வரிசையில் நின்று கண்கொட்டாமல் பார்த்ததும் நாங்க.

“மூணுமே எப்படி சார் நீங்களாவீங்க?”

“மூணு பேரும் ஒரே சட்டதான போட்டுக்கினு இருந்தான்? நல்லது பண்ணவன மட்டும் எங்காளுன்னு சொல்லிக்க சொல்றியா?”

அவருடைய குணமே அதுதான். வேறு யாரோ செய்ததில் தன்னைக் கூட்டிக்கொள்வார். தான் செய்ததில் மட்டும் யாரையும் கூட்டுச் சேர்க்கமாட்டார். இதை நான் புரிந்துகொண்டது ஏழாவது நோட்டில்.

ஏழாவது நோட்டு நடுவில் எழுத்து நின்றுபோயிருந்தது. அதற்கு முந்தைய பக்கம்வரை கடல் தாண்டித் தீவுக்குப் போன கதை. அமைதி காக்கப் போனோம் என்று ஆரம்பித்து, எப்படியெல்லாம் அது அமைதியாக இல்லாமல் போனது என்று நாலு பக்கம். பிறகு வெள்ளைத்தாள்.

ஒரு மத்தியானம் வந்தார். கடையில் ஆள் இல்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “இத்த எயுத வரல. நான் சொல்றேன், நீ அடி.”

சொன்னார். அன்று காலையில் கண்ணிவெடியில் அவருடைய செக்ஷனில் இரண்டு பேர் சிதறிப்போனார்கள். மரத்தில் ஒட்டியிருந்த சதையைக் கம்பால் தட்டி எடுத்துச் சாக்கில் போட்டது இவர்தான். மாலையில் ஒரு தெருவில் வீடு வீடாகத் தேடினார்கள். மற்றவர்கள் வாசலில் நிற்க, இவர் பின்பக்கமாகத் தனியாக ஒரு வீட்டுக்குள் போனார். ஒருவர் கைகளைத் தூக்கிக்கொண்டே வந்து, “தம்பி, சுடாதேங்கோ. உள்ள பிள்ளையள் இருக்கினம்” என்றார்.

“தமிழ்தாம்மா. எங்கப்பன் மாரியே வயசு. கைல ஒண்ணும் இல்ல. நல்லா தெரிஞ்சிது, ஒண்ணும் இல்லன்னு.”

என் விரல்கள் நின்றுவிட்டன.

“அடிம்மா. துப்பாக்கிக் கட்டையால மூஞ்சில அட்ச்சேன். வியுந்தாரு. அப்பால சுட்டேன். அவரு சம்சாரம் கதவண்ட நின்னுக்கினு எல்லாத்தையும் பாத்துது. கத்தல. வெளிய இருந்து ஆபீசர் வந்து கேட்டாரு, எதுத்து சுட்டானான்னு. நான் ஆமான்னேன். அந்தம்மாவ கேட்டாரு. அது என்னியே பாத்துது, வாயத் தொறக்கல. உள்ள புள்ளைங்க கீதே, அதுக்கு பயம். ரெண்டு பக்கமும் சுட்டுக்கினதுல செத்தாருன்னு எய்திட்டாங்க.”

மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். “அது இன்னும் உசுரோட கீதோ இல்லியோ. இருந்தா, அத்த அது ஒண்டியா வச்சிக்கினு கெடக்கும். இங்க ‘நாங்க’ன்னு போடாத. ‘நான்’னு போடு.”

போட்டேன். முந்நூறு பக்கத்துக்குமேல் ஓடிய அந்தப் புத்தகத்தில் ‘நான்’ வருகிற இடம் அது ஒன்றுதான். அன்று அவர் போனபிறகு கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன். அவரை இனி கடைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் மறுநாள் வந்து அச்சுப்பிழை திருத்த உட்கார்ந்தவரைப் பார்த்தபோது, எனக்குத் தெரிந்தவர்களில் தன்னைப்பற்றி இப்படி ஒன்றைத் தானாகச் சொன்னவர் வேறு யாராவது உண்டா என்று யோசித்தேன். ஒருவரும் இல்லை.

அந்த வருஷம் கார்த்திகையில் அவர் மனைவி இறந்தார். அடைமழை. காலனிப் பிணங்கள் ஏரிக்கரைக்குக் கீழே வயல் வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போகும், எப்போதும். அந்த மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து வயலில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஓடியது. மிச்சமிருந்த ஒரே வழி ஊர்த் தெரு. ஒரு நாள் முழுக்கக் கேட்டுப் பார்த்தார்கள். பேசிச் சொல்கிறோம், பேசிச் சொல்கிறோம் என்றார்கள் பெரியவர்கள். இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்குப் பாடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேளம் இல்லை. முப்பது பேர்கூட இருக்காது.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான் அப்போது பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். சத்தம் கேட்டு வாசல் கேட்டுக்கு ஓடினேன். எங்கள் வீட்டை ஒட்டிய கோயில் முனையில் எங்கள் ஆட்கள் தெருவை அடைத்து நின்றார்கள். அவர்களில் என் தம்பியும் ஒருவன். மாட்டுக்கொட்டகைக் கம்பத்தைச் சரிசெய்துகொண்டிருந்தவன், கடப்பாரையோடு அப்படியே போயிருந்தான்.

“திரும்பிப் போங்கடா!” என்று யாரோ கத்தினார்கள்.

“ரெண்டு நாளா வூட்ல கெடக்கறா. நாறிப்பூடும். வயி உடுங்க” என்றார் அவர். கெஞ்சலாகவும் இல்லை, மிரட்டலாகவும் இல்லை.

கல் வந்தது. முன்னால் பாடையைத் தூக்கியிருந்த அவருடைய மைத்துனன் நெற்றியில் பட்டு, அவன் மடங்கி விழுந்தான். பாடை சாய்ந்தது. அந்தம்மா சேற்றில் குப்புற விழுந்தாள்.

 கல் எறிந்தவர்களே ஓர் அடி பின்வாங்கினார்கள். அவர் குனிந்து மனைவியைப் புரட்டினார். தோள் துண்டால் அவள் முகத்துச் சேற்றைத் துடைத்தார். மூக்கில், வாயில், கண்ணில் என்று நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் தம்பி பின்னாலிருந்து கடப்பாரையை வீசினான். தலைக்கு வீசியது, தோளில் இறங்கியது. வெள்ளைச் சட்டை கிழிந்து ரத்தம் பீறிட்டது.

அவர் எழுந்து திரும்பினார். இரண்டாவது வீச்சு வருவதற்குள் தம்பியின் வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். ஒரு சத்தம். கடப்பாரை கீழே விழுந்தது. தம்பி மண்டிபோட்டு அலறினான். அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அவனிடம் இனி ஒன்றும் இல்லை. அவர் அந்தக் கையை விடவில்லை. முழங்கையைத் தன் முட்டிமேல் வைத்து, எதிர்ப்பக்கமாக அழுத்தினார். இரண்டாவது சத்தம்.

நான் நாலடி தூரத்தில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அதற்குப்பிறகு யாரும் கல்லெடுக்கவில்லை. பாடையைத் தூக்கினார்கள். தெரு முழுக்கக் கேட்கும்படி அவர் சொன்னார்: “ஒடச்சது நான். எங்காளுங்க ஒர்த்தனும் தொடல. யாராச்சும் போலீஸ்ல சொல்றதானா எம்பேர சொல்லுங்க.” சுடுகாட்டில் எல்லாம் முடித்துவிட்டு, தோள் ரத்தத்தோடு அவரே ஸ்டேஷனுக்கு நடந்து போனார்.

அங்கே இரண்டு பக்கத்தார்மேலும் கேஸ் எழுதினார்கள். என்னைக் கேட்டபோது, முதலில் அடித்தது என் தம்பிதான் என்றேன். அன்றோடு அப்பா என்னிடம் பேச்சை நிறுத்தினார். “இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத” என்று அம்மா மூலம் சொல்லி அனுப்பினார். தம்பி மூன்று மாதம் மாவுக்கட்டோடு கிடந்தான். கட்டுப் பிரித்தபோது முழங்கை நேராகவில்லை. இன்றும் அந்தக் கையால் அவனால் தலைசீவ முடியாது.

அவர்மேல் போட்ட வழக்கு காஞ்சிபுரம் கோர்ட்டில் நடந்தது. கடைசிச் சாட்சி நான். அவருடைய வக்கீலின் வாதம் எளிமையானது: உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மணிக்கட்டைத் திருகினார், முழங்கை உடைந்தது பையன் கீழே விழுந்து கல்லில் மோதியதால். இரண்டாவது முறை உடைத்ததற்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லை. அன்றைய கூச்சலில் நடந்ததை எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்லிக் குழப்பிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றவள் நான் ஒருத்திதான்.

“எத்தனை முறை சத்தம் கேட்டது?” என்று கேட்டார் அரசு வக்கீல்.

தம்பி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவர் கூண்டில் நின்றிருந்தார். சேறு துடைத்த அந்தத் துண்டுதான் என் கண்ணில் நின்றது.

“ஒரு தடவைதான் சார்.”

“முழங்கை?”

“கீழ விழுந்தப்போ கல்லுல பட்டிருக்கும்.”

சத்தியம் செய்த வாயால் சொன்னேன். 

அன்று பிற்பகலே நீதிபதி அவரைப் பார்த்து, சாட்சிகள் சொன்னதைப்பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். தனக்கு எதிராகச் சொன்னதெல்லாம் பொய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கச் சொல்லித்தான் வக்கீல் அனுப்பியிருந்தார்.

“அய்யா, அந்தப் பொண்ணு சொன்னது சரியில்ல. ரெண்டு தபா ஒடச்சேன். மொத தபா அவன் அடிக்காம இருக்கறதுக்கு. ரெண்டாவது தபா அவன் கைல ஒண்ணும் இல்ல. ஆசப்பட்டுதான் ஒடச்சேன்.”

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வக்கீல் கையிலிருந்த காகிதக் கட்டை மேஜைமேல் வீசினார். தீர்ப்பு வேறொரு நாள் வந்தது. பத்து மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்து, அதற்குப்பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. தம்பிமேல் இருக்கிற வழக்கு இன்னும் வாய்தாவில் ஓடுகிறது.

சாட்சி சொன்ன அன்று சாயங்காலம் கோர்ட்டு வாசலில் புங்கமரத்தடியில் தனியாக நின்றிருந்தார். நான் கிட்டத்தட்ட ஓடிப்போய்ச் சண்டையே போட்டேன். “நான் இவ்ளோ பெரிய பொய் சொல்லிட்டு வந்து நிக்கறேன். நீங்க பாட்டுக்கு இப்படிப் பண்ணிட்டீங்களே!”

“எனக்காகத்தான் சொன்ன. தெரியும்மா.” என் கண்ணைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். “ஆனா நான் நெசத்த சொல்லாம வச்சிக்கினா அந்தப் பொய்யி ஒங்கிட்டயே இருந்துடும். நீ நல்லா இருக்க வேண்டிய பொண்ணு. இன்னாத்துக்கு ஒனக்கு அந்தப் பேஜாரு?”

 அவர் தலையசைத்துவிட்டு டீக்கடைப் பக்கம் போனார்.

உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் கிளம்புகிற நேரத்தில் தம்பி ஏறினான். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தான். காலியிடம் நிறைய இருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அந்தச் சம்பவத்துக்குப்பிறகு அவன் என் பக்கத்தில் வந்தது அன்றைக்குத்தான். பஸ் செவிலிமேடு பாலத்தில் ஏறியதும் கூப்பிட்டான்.

“அக்கா.”

“ம்.”

“ரெண்டாவது சத்தம் ஒனக்குக் கேட்டுதா?”

கீழே பாலாறு மணலாகக் கிடந்தது. பாலத்துச் சுவர் வேகமாகப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

“கேட்டுது.”

அவன் மடங்கிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற கையால் அதைத் தடவிக்கொண்டே வந்தான். எங்கள் ஊர் நிறுத்தத்தில் அவன் இறங்கும்போது திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.